வாய் சொல்லும் விசுவாசம்

மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் நாவற்குடா. கோயில் மணி, தேவாலய மணி, தெற்கே காத்தான்குடியிலிருந்து வரும் பாங்கு எல்லாம் ஒரே நாளில் காதில் விழும். கடவுள் ஒருவரே என்பதில் இங்கே யாருக்கும் வழக்கில்லை. சிக்கல் ஞாயிறு ஆராதனையின் நடுவில் எழுகிறது. சபை எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறது. பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை அது அறிக்கையிடுகிறது. இயேசுவை நேசித்தும் அதை மனம் ஏற்காத ஒருவர் அந்த நேரத்தில் என்ன செய்வது? கூடச் சேர்ந்து சொன்னால் அது பொய்யா?

இதே சிக்கலில் இங்கிலாந்தில் தியோபிலஸ் லின்ட்சே என்பவர் 1773இல் தம் குருப்பதவியைத் துறந்தார். நம்பாத ஜெபத்தைச் சம்பளத்துக்காகச் சொல்ல அவரால் முடியவில்லை. இங்கிலாந்துக்கு வேலைக்காரராகப் போன திருவேங்கட வெள்ளாளர் என்ற தமிழர், வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரோடு சென்னைக்குத் திரும்பினார். லின்ட்சே வழிவந்த, திரித்துவத்தை ஏற்காத ஒருமைக் கொள்கையே அவருக்கும் பிடித்திருந்தது. 1795இல் ஒரு சிறு சபையைக் கூட்டினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஆலயம் எழுந்தது. திரித்துவத்தை மறுப்பது குற்றமல்ல என்று இங்கிலாந்துச் சட்டம் ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டில்தான். படிப்பும் பட்டமும் உள்ளவர் துறந்ததைவிட, பிறர் வீட்டில் ஊழியம் செய்து பிழைத்தவர் தமிழில் தனியே வழிபாடு நடத்தியதுதான் பெரிது.

ஆனால் அப்படிச் சபையை விட்டு வெளியேறும்படி எல்லாரிடமும் கேட்க முடியுமா? மட்டக்களப்பில் சபை என்பது கொள்கை மட்டுமல்ல. பிள்ளையின் ஞானஸ்நானம், மகளின் கலியாணம், அப்பாவின் கல்லறை எல்லாம் அங்கேதான். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் சோறு போட்டதும் பிணம் எடுத்ததும் அந்த மனிதர்கள்தான். வெளியேறு என்று ஒருவரிடம் சொல்வது, உறவையெல்லாம் அறுத்துவிடு என்று சொல்வதுதான்.

ஆகவே பிரசங்க பீடத்தில் நிற்பவருக்கு ஒரு நீதி, வாங்கில் இருப்பவருக்கு வேறு நீதி. போதிப்பவரை நம்பிப் பிறர் தம் மனதைக் கொடுக்கிறார்கள். அவர் ஒளிப்பது வஞ்சகம். வாங்கில் இருப்பவர் தாம் நம்பாத வரி வரும்போது வாயை மூடிக்கொள்ளலாம். மௌனம் பொய்யல்ல. ஆனால் பிள்ளை நேரே கேட்டால் மழுப்பக் கூடாது. சபைக்கும் பொறுப்பு உண்டு: உண்மை சொன்னவருக்குக் கல்லறை இடத்தை மறுக்கும் சபை, தன் மக்களைப் பொய்யர்களாக்குகிறது.

பிரமாணம் முடிகிறது. உதடு அசையாமல் நின்றவரின் பக்கம், அதைக் கவனித்திருந்த பக்கத்து ஆள், பாட்டுப் புத்தகத்தை விரித்து நகர்த்துகிறார்.