கோட்டையும் வலையும்

மதுராந்தகத்திலிருந்து செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் சென்றால், ஆலம்பரைக் கோட்டையை அரைநாளில் கண்டு திரும்பலாம். அண்மையில் இளைஞர் சிலருடன் நாமும் சென்றோம். உப்பங்கழியின் ஓரம், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முகலாயர் காலத்தில் எழுந்த மதில்கள் சிதைந்து நிற்கின்றன. ஆர்க்காட்டு நவாபின் நாணயச்சாலை இங்கிருந்தது. 1750இல் கோட்டை பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எஞ்சியதைச் சிதைத்தது.

இவற்றையெல்லாம் நாம் உற்சாகத்தோடு விளக்கிக்கொண்டிருக்கையில், படமெடுக்க நல்ல இடம் தேடிய ஓர் இளைஞர் மணலில் விரித்திருந்த வலையின்மீது செருப்புக்காலுடன் ஏறி நின்றார். அருகில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். "கோட்டை மேல ஏறுங்க தம்பி, அது இடிஞ்சு போனது. வலை இன்னும் சோறு போடுது" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. இளைஞர் நாணி விலகினார். நாமும்தான் நாணினோம், வலை நம் கண்ணிலும் படவில்லையே!

பழம்பெருமையைக் காணச் செல்வது தவறா? தவறன்று. கடந்த காலத்தை அறியாதவன் நிகழ்காலத்தையும் சரிவர அறியான். ஆயினும் எவருடைய கடந்த காலத்தை நாம் காண்கிறோம் என்ற வினா எழுகிறது. இயற்கைத் துறைமுகமற்ற இக்கரையோரங்களில் பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. அலைகளைக் கடந்து சரக்குகளைக் கொண்டு சேர்த்தவர்கள் படகோட்டிகள். நாணயம் அடித்தவர்க்கும் பீரங்கி வைத்தவர்க்கும் வரலாற்றில் பெயருண்டு. படகு வலித்தவர்க்கு இல்லை. அவர்களைப் போன்று கடலையே நம்பி வாழ்வோர் இன்றும் அக்கரையில் இருக்கின்றனர். நாமோ அவர்களது வேலைத்தலத்தை நம் உலாவுக்கான பாதையாகவே கருதினோம்.

பார்ப்பது குற்றமற்ற செயல் என்றே எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் ஒன்றைப் பார்க்கும் ஆவலில் ஒருவரைப் பாராதிருப்பதும் நம் செயலே அன்றோ? அதற்கும் நாம் பொறுப்பாளிகளே.

திரும்பும் வழியில் டூப்ளேயைப் பற்றி இளைஞர்கள் பல வினாக்கள் எழுப்பினர், விடையும் கூறினோம். பின்னர் ஒருவர், "அந்தப் பெரியவர் பெயரென்ன?" என்று கேட்டார். எவரும் கேட்டறிந்து வரவில்லை. அடுத்த முறை முதலில் குப்பத்திற்குச் செல்வோம்; கோட்டையைப் பிறகு பார்க்கலாம்.