குறியீடும் துக்கமும்

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவச் சேவைக் குறியீட்டு முறையில், ஒருவருடைய இரத்தத்தில் செய்யப்படும் 14 சோதனைகள் 80053 என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. ஆயினும், அவற்றின் அவசியத்தைக் காட்டும் நோய்க்குறியீடு பொருந்தாவிடில், காப்பீட்டார் கைவிரிக்க, அச்செலவு நோயாளியின் தலையிலேயே விழக்கூடும்.

இச்சிக்கலை விளக்க ஒரு பழைய பாகுபாடு உதவும்: இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றாகிய வைசேஷிக தரிசனம் பலவற்றுக்கும் பொதுவாகிய சாமானியத்தையும், ஒன்றைப் பிறவற்றினின்று பிரிக்கும் விசேஷத்தையும் தனித்தனிப் பதார்த்தங்களாக வகுத்தது. குறியீடு அறிவது சாமானியத்தை மாத்திரமே. துக்கமோ எப்பொழுதும் ஒரு தனிமனிதனையே பற்றுகிறது. புறநோயாளியின் கணக்கில், மருத்துவரின் சந்தேகத்தை நோயென்று எழுத அமெரிக்கக் குறியீட்டு விதி இடந்தருவதில்லை. அறிகுறியை எழுதினாலோ, சில சோதனைகளுக்கு அது போதிய காரணமாவதில்லை.

பொதுமையின்றிக் கணக்கு நடவாதென்பது மெய்யே. ஆனால், அறியாமையைப் போக்கவே பிறந்த சோதனைக்கு முன்கூட்டியே அறிவைச் சாட்சியாகக் கேட்பது தர்க்கத்துக்கும் தர்மத்துக்கும் ஒருங்கே விரோதமாகும்.