வயலின் ஓரம்

வேதத்தில் எழுதியதை எழுதியபடியே வாழ்ந்து காட்ட வேண்டும் என்ற வைராக்கியம் நம் சீமைக்குப் புதிதன்று. கோவில்பட்டிக்குத் தெற்கே நாசரேத்துப் பக்கத்தில், 1857-ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை கண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, பழைய ஏற்பாட்டின் நியமங்கள் இன்றும் செல்லும் என்று நம்பி, சனிக்கிழமையையே ஓய்வுநாளாக அனுஷ்டிக்கச் செய்தார். அந்தச் சிரத்தையை நான் வணங்குகிறேன்.

ஆயினும், லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தை மனத்தில் ஏந்திக் கரிசல் புஞ்சையில் இறங்குகிறவனுக்கு ஒரு தர்மசங்கடம் நேரும். ஒரே வயலில் இருவகை விதை கலந்து விதைக்கலாகாது என்கிறது அதன் 19-ஆம் வசனம். வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி, ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்று பருத்தியோடு உளுந்தையும் பாசிப்பயற்றையும் ஊடுபயிராக இடுகிற நம் சம்சாரிக்கு, அந்த விலக்கை எழுத்துப்படி காப்பது கஞ்சிக்கே கேடாய் முடியும். அதே அதிகாரத்தின் 9, 10-ஆம் வசனங்களோ, வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமலும், சிந்திய கதிரைப் பொறுக்காமலும், ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கின்றன. மோவாபியப் பெண்ணாகிய ரூத், பெத்லகேமில் தன் மாமியாரோடு பசியாறியது இந்தப் பிரமாணத்தால்தான். இதைக் கைக்கொள்ள இக்காலத்தின் எந்த விஞ்ஞானமும் குறுக்கே நிற்கவில்லை, மனந்தான் நிற்கிறது.

வருகிற தை மாதம் கம்பும் சோளமும் அறுக்கும்போது, வேதம் வாசிக்கும் அன்பர்களே, வரப்போரத்து ஒரு சால் கதிரையாவது அரிவாள் படாமல் விட்டுவையுங்கள்.