கைக்கு இனித்த பொருள்

ஒரு பொருளைக் கையில் எடுத்த மாத்திரத்திலேயே அது நமக்குப் பிடித்துப் போய்விடுவதுண்டு. ஏன் பிடித்தது என்று எவரேனும் கேட்டால் சரியான காரணம் சொல்ல வராது. கனம் அளவாக இருக்கிறது, வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது என்று எதையோ சொல்லிச் சமாளிப்போம். வியாபாரிகளாகிய நம்முள் இந்த அனுபவம் இல்லாதவர் இரார். கொள்முதலுக்குப் போகிறவனுக்குக் கண்ணைவிடக் கை முக்கியம் என்று நம் முன்னோர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கையின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம், நம்பி நடந்து பிசகிப் போனால் அதற்கு நாம் பொறுப்பாளிகளா என்ற கேள்வி சில காலமாக நம் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. அக்கேள்வியை எழுப்பியது ஒரு வேட்டைத் துப்பாக்கி என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

2024 மார்ச்சு மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த இரும்புச் சாமான் கண்காட்சிக்குப் போயிருந்தோம். கண்காட்சி முடிந்த மறுநாள், கத்திகளுக்குப் பேர்போன சோலிங்கன் ஊரிலுள்ள மொத்த வியாபாரி ஒருவர் தம் இல்லத்துக்கு அழைத்திருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நம்மோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர். நம்மைவிட வயதில் மூத்தவர். நோன்புக்கு ஐந்தே நாள்கள் இருந்தன. ஊர் திரும்பும் அவசரம் மனத்தில் இருந்தாலும் மரியாதையை உத்தேசித்துப் போனோம். காப்பி அருந்தியபின், "புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், வாருங்கள்" என்று சிறு பிள்ளையைப் போன்ற உற்சாகத்துடன் கீழறைக்கு அழைத்துச் சென்று, சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டகத்தைத் திறந்தார். உள்ளே இருந்தது துப்பாக்கி.

நாம் துப்பாக்கியைத் தொட்டவர்கள் அல்லர். நம் மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எத்தகையது என்பதை எல்லோரும் அறிவர். சிங்கப்பூரிலும் 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் குறைந்ததன்று. ஆகவே கொஞ்சம் பின்வாங்கினோம். நண்பர் உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் தாம் பார்த்து, பிறகு நமக்கும் காட்டி, அதன்பின்பே நம் கையில் கொடுத்தார்.

நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கனம். ஆனால் கையில் ஏந்தியபோது அவ்வளவு கனமாகத் தோன்றவில்லை. இரு கைகளுக்கும் நடுவே தராசு முள் நின்றாற்போல் நின்றது. அக்ரோட்டு மரத்தினாலான கட்டை. பல ஆண்டுகள் பல கைகள் பட்டு வழவழப்பாகியிருந்தது. எண்ணெய் வாசனை. குண்டு செலுத்தும் அறையை அடைக்கும் உருளையை நண்பர் இயக்கிக் காட்டினார். கைப்பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. நம் கடைக் கதவின் தாழ்ப்பாள் வேலை செய்யும் முறைதான், வேறில்லை. பின்னே இழுக்கும்போது வெடித்து முடிந்த வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். நாமும் இயக்கிப் பார்த்தோம். அந்த இரும்பு இரும்பின்மேல் ஓடிய மென்மை! முப்பது ஆண்டுகளாகப் பூட்டும் தாழ்ப்பாளும் கீலும் விற்கிறோம். அப்படி ஒரு வேலைப்பாட்டை நம் கை அறிந்ததில்லை. இன்னொரு தடவை இயக்கினோம். மூன்றாம் தடவையும் இயக்கினோம். நண்பர் சிரித்தார்.

இந்தப் பொறியின் சரித்திரத்தை அவர் வாயிலாகவும் பின்னர் நாமே படித்தும் அறிந்தோம். தாழ்ப்பாள் முறைத் துப்பாக்கியைப் பிரஷ்யப் படை 1841ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அது டிரைசே என்பவரின் அமைப்பு. அதைச் செம்மைக்குக் கொண்டுவந்தவர் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃப் ஊரின் பால் மவுசர். துருக்கியின் உதுமானிய அரசு 1887லேயே அவரிடம் துப்பாக்கிகளுக்குக் கட்டளை கொடுத்தது. 1898ஆம் ஆண்டு ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட அமைப்பே மிகவும் புகழ் பெற்றது. முன்புறம் இரண்டு பூட்டுக் காதுகள். அவை முறிந்தாலும் சுடுகிறவனைக் காக்கப் பின்புறம் மூன்றாவதாக ஒன்று. மூன்று நிலைகளில் நிற்கும் காப்புவிசை. தோட்டா அறைக்குள் போகுமுன்பே அதன் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் நகம். இன்றைக்கும் உலகில் பல வேட்டைத் துப்பாக்கிகள் இதனைப் பின்பற்றியே செய்யப்படுகின்றன. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கியும் மவுசர் பொறியில் அமைந்ததே.

நண்பருடையது புத்தம் புதியதன்று. காலஞ்சென்ற வேட்டைக்காரர் ஒருவரின் மனைவியிடமிருந்து வாங்கியது. பொறி போர்ப்படையைச் சேர்ந்தது. குழலும் கட்டையும் பின்னால் மாற்றப்பட்டவை. மேற்புறத்தில் முத்திரை இருந்த இடம் அரத்தால் அராவப்பட்டு வெறுமையாக இருந்தது. 1935க்குப் பிறகு அந்நாட்டுப் படையில் எத்தகைய முத்திரை இடப்பட்டது, அப்படை எங்கெல்லாம் சென்றது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. "இதை விற்ற அம்மாள் மறைக்கவில்லை, தாமாகவே காட்டிச் சொன்னார்" என்றார் நண்பர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். சரக்கிலுள்ள குறையை மறைத்து விற்கலாகாது என்பது நம் மார்க்கத்தில் வியாபாரிக்கு விதித்த முதல் கடமைகளுள் ஒன்று. ஒரு பொருளின் பழைய வரலாறு குறையாகுமா? இரும்பில் பிசகில்லை, இலக்கில் பிசகில்லை. ஆயினும் அராவியவன் எதற்காக அரத்தை எடுத்தான்? அது தெரிந்தால் வாங்குகிறவன் தயங்குவான் என்று எண்ணித்தானே! எதை மறைக்க ஒருவன் பாடுபடுகிறானோ அது சொல்லப்பட வேண்டியதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த அம்மாள் நல்ல வியாபாரி.

நண்பரிடம் எதை வேட்டையாடுகிறீர்கள் என்று கேட்டோம். பெரும்பாலும் காட்டுப்பன்றி என்றார். நம் முகம் போன போக்கைக் கண்டு உரக்க நகைத்து, "மானும் உண்டு" என்று சேர்த்துக்கொண்டார். பன்றிகள் வயலைக் கிளறிவிட்டால் நட்டஈடு பெரும்பாலும் அவ்விடத்தில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் தலையில் விழுமாம். வேட்டைத் தேர்வு எழுதித் தேறாமல் அங்கே எவரும் உரிமம் பெற முடியாது. பெரிய விலங்குகளைச் சுடும் குண்டு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 100 மீட்டர் தொலைவில் அதற்கு 2000 ஜூல் வேகச் சக்தியாவது இருக்க வேண்டும். விலங்கு துன்புற்றுச் சாகக் கூடாது என்பதே இதன் நோக்கம். காயம்பட்டு ஓடிய விலங்கைத் தேடிப் பிடித்து அதன் வேதனையை முடிப்பதும் சட்டப்படி கடமை.

"அப்படியானால் இதை எப்போது காட்டுக்கு எடுத்துப் போகப் போகிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் முகத்திலிருந்த உற்சாகம் அடங்கியது. துப்பாக்கியை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, பேச ஆரம்பித்தார்.

பல ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஒரு துப்பாக்கி வாங்கினாராம். அதுவும் கையில் எடுத்தவுடன் பிடித்துப் போயிற்றாம். கடையில் தூரநோக்கிக் கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தார்கள். சுடுகளத்துக்குப் போய் நூறு மீட்டர் அட்டையில் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மூன்றாம் நாளே காட்டுக்குப் போனார். அந்தி நேரம், ஆண் மான் ஒன்று வெளியே வந்தது. கை நடுங்கவில்லை; குறி சரியாகவே இருந்தது. ஆனால் கண்ணாடியின் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. குண்டு நெஞ்சில் படாமல் தாடையில் பட்டது. மான் ஓடிவிட்டது. இரவெல்லாம் அவருக்கு உறக்கமில்லை. விடிந்ததும் மோப்ப நாயுடன் ஒருவரை அழைத்துக்கொண்டு தேடினார்கள். நண்பகல் அளவில் கண்டபோது அதற்கு உயிர் இருந்தது.

வீழ்ந்த மானின் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைப்பது அங்குள்ள வேட்டைக்காரர் வழக்கம். கடைசிக் கவளம் என்பது அதற்குப் பெயர். "அன்றைக்கு அதை வைக்க வாய் இல்லை" என்றார் நண்பர். அதன்மேல் வெகு நேரம் இருவரும் பேசவில்லை.

ஊர் திரும்பும் விமானத்தில் நமக்கு 2011ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு சீன நாட்டுக்குக் கொள்முதலுக்குப் போனபோது ஒரு பூட்டை எடுத்துப் பார்த்தோம். மழமழவென்று சாவி திரும்பியது. கனமும் அளவாக இருந்தது. அங்கேயே கட்டளை கொடுத்துவிட்டோம். மாதிரியும் சரக்கும் ஒன்றே, ஏமாற்றியவர் எவருமில்லை. ஆனால் பினாங்கின் மழைக்கும் கடற்காற்றுக்கும் உள்ளேயிருந்த வில் துருப்பிடித்துப் போயிற்று. ஆறே மாதத்தில் பலமாக இழுத்தால் திறந்துகொள்ளும் பூட்டாயிற்று. சாலையோரத்தில் சிகரெட்டும் வெற்றிலையும் விற்ற காக்கா ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்து, பூட்டைப் பெட்டியடியில் வைத்தார். "முதலாளி, இது உங்க கடையில வாங்கினதுதான். ராத்திரி பெட்டியை ஒடச்சு எல்லாத்தையும் எடுத்துட்டான்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. நாம் என்ன செய்தோம்? வேறொரு பூட்டு இனாமாகக் கொடுத்தோம். தேநீர் வாங்கிக் கொடுத்தோம். கிட்டங்கியில் மிஞ்சியிருந்த பூட்டுகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம். அதைச் சாமர்த்தியம் என்றுகூட அப்போது எண்ணினோம்.

ஆயுதம் தீயது, ஆகவே அதைத் தொட்டு மகிழ்ந்த கையும் குற்றமுள்ளது என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அதை ஏற்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நம் கடையில் விற்கும் கத்திகளும் உயிரை எடுப்பவையே. அறுப்பதற்கு முன் கத்தியை நன்றாகத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு வேதனையைக் குறைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்களேயன்றிக் கத்தியை வெறுக்கச் சொல்லவில்லை. கருவி வெறும் கருவிதான், நிய்யத்து சரியாக இருந்தால் போதும் என்பார் வேறு சிலர். இதையும் நம்மால் முழுதாக ஏற்க முடியவில்லை. நண்பரின் நிய்யத்தில் என்ன குறை? உரிமம் இருந்தது, பருவம் சரியானது, வேடிக்கைக்காகச் சுடவில்லை. நம் நிய்யத்திலும் வஞ்சகம் இல்லை. ஆனாலும் மான் ஓர் இரவு முழுவதும் துடித்தது. காக்காவின் முதல் போயிற்று.

பிசகு எங்கே என்று பார்த்தால், கை சாட்சி சொன்னதில்தான் என்று நமக்குப் படுகிறது. சாட்சி, தான் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். கை கண்டது கனத்தையும் வழவழப்பையும், அவ்வளவே. குண்டு எங்கே போய் விழும் என்பதைக் கை காணவில்லை. மழைக்காலத்தில் பூட்டு என்ன ஆகும் என்பதையும் காணவில்லை. காணாததற்கும் சேர்த்து அதனிடம் சாட்சியம் வாங்கிக்கொண்டோம். பொருள் இனித்தது குற்றமன்று. அந்த இனிப்பு வாங்கியவனோடு நின்றுவிடுகிறது; அது பொய்த்தால் வரும் வலியோ, அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தே இராத வேறொரு பிராணிக்கோ மனிதனுக்கோ போய்ச் சேருகிறது. மானுக்கு முறையிட வாயில்லை. காக்காவுக்கு வாய் இருந்தும் உயர்த்தவில்லை.

ஒவ்வொரு சரக்கையும் இப்படிச் சோதித்துக்கொண்டிருந்தால் கடையைத் திறப்பது எப்போது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிஸ்கோத்து டின்னுக்கு ஒரு கடி போதும்; பிசகினால் வாய் கசக்கும், அவ்வளவுதான். எரிவாயு அடுப்பின் குழாய்க்கும், குழந்தைத் தொட்டிலின் கொக்கிக்கும், ஏணிக்கும் ஒரு கடி போதாது. எதற்கு எவ்வளவு சோதனை என்பதை வியாபாரி தன் இலாபத்தை வைத்து அளக்காமல், பிசகினால் யார் விழுவார் என்பதை வைத்து அளந்தால் அவ்வளவு கஷ்டமாக இராது. ஆனால் போட்டி மிகுந்த இக்காலத்தில் அப்படி அளப்பதற்குப் பொறுமை வேண்டும். நமக்கே அது எப்போதும் வாய்க்கிறது என்று சொல்ல மாட்டோம்.

பெருநாள் கழிந்தபின் காக்காவின் வீட்டைத் தேடிப் போனோம். அவர் 2019இலேயே மவுத்தாகிவிட்டார். மகன் இருந்தார். விஷயத்தைச் சொல்லி, அன்றைக்குப் போன சரக்குக்கு ஈடாக ஒரு தொகையை எடுத்து வைத்தோம். அவர் நம்மையும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத்தா இதைப் பத்தி எங்ககிட்ட சொன்னதே இல்லையே முதலாளி" என்றார். பள்ளிவாசலில் அத்தா பெயரால் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார், அப்படியே செய்தோம்.

ஜூன் மாதம் சோலிங்கன் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. சுடுகளத்துக்கு நான்கு தடவை போனாராம். குண்டுகள் நூறு மீட்டரில் வலப்புறமாக ஒரு கையகலம் விலகி விழுந்தனவாம். கண்ணாடியைத் தாங்கும் வளையங்களை மாற்றியிருக்கிறாராம். துப்பாக்கி இன்னும் காட்டைப் பார்க்கவில்லை. இங்கே நம் கடையின் பின்சுவரில், கடற்காற்று படும் இடமாகப் பார்த்து, ஆறு புதிய மாதிரிப் பூட்டுகளைத் தொங்கவிட்டோம். விற்பனையாளர் வாரத்துக்கு இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார். மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லி வைத்தோம்.