யாருடைய தியாகம்?

தியாகம் என்ற சொல்லை நாம் வெகு தாராளமாகச் செலவழிக்கிறோம். தன் கையில் இருப்பதைத் தானே விட்டுக்கொடுத்தவனைத் தியாகி என்கிறோம். அதில் தவறில்லை. பிறன் கையில் இருந்ததை விட்டுக்கொடுக்கச் சொன்னவரையும் அதே சொல்லால் வாழ்த்துகிறோமே, அது நியாயந்தானா?

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு சம்பவம் இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது. 1900-ஆம் ஆண்டில் தொடங்கிய டேவிஸ் கோப்பை டென்னிஸ் பந்தயத்தில், 1973 வரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு தரப்பினரே வென்றிருந்தார்கள். 1974-இல் நம் நாட்டு அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வென்றது. பூனாவில் சோவியத் ரஷ்யாவை வென்றது. இறுதிப் போட்டிக்கு வந்து நின்றது. அணியின் பலம் சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள், ஆனந்தும் விஜயும். விஜய்க்கு அப்போது இருபத்தோரு வயதுகூட நிரம்பவில்லை.

இறுதியில் எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. நிறவெறியைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் நாட்டோடு விளையாடுவதில்லை என்பது இந்தியாவின் முடிவு. அணி விலகிக்கொண்டது. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு 1987-இல் ஒரு முறை இந்தியா இறுதிக்கு வந்து ஸ்வீடனிடம் தோற்றது. கோப்பை மட்டும் இன்று வரை நம் கைக்கு வரவில்லை.

‘விளையாட்டு வேறு, அரசியல் வேறு; ஆடி ஜெயித்திருந்தால் அதுவே பெரிய அடியாக இருந்திருக்குமே’ என்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் விளையாட்டையும் அரசியலையும் முதலில் ஒன்றாகக் கட்டியவர்கள் யார்? 1963-இல் டர்பனில் நேட்டால் கோல்ஃப் பந்தயத்தை வென்றவர் பாப்வா செவ்கோலம் என்ற இந்திய வம்சாவளியினர். மற்றவர்கள் கிளப்புக்குள்ளே இருக்க, அவர் மழையில் வெளியே நின்று பரிசை வாங்க வேண்டியிருந்தது. அவர் தோலின் நிறம் உள்ளே போகக் கூடாத நிறம்! ஆடி ஜெயித்தவருக்கே கிடைத்த மரியாதை இதுதான்.

நமக்கு அது அந்நிய தேசத்து விவகாரமும் அல்ல. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளில் வட ஆர்க்காட்டார் ஏராளம். எங்கள் சேவூரும் அந்நாளில் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான்.

ஆகவே, விலகியது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு. அந்தச் சரியான காரியத்துக்கு விலை கொடுத்தவர் யார்? முடிவு செய்தவர்களுக்கு அன்று இரவு தூக்கம் கெட்டிருக்காது. சிறு வயது முதல் மட்டையும் கையுமாக உழைத்த வாலிபர்களுக்குக் கெட்டிருக்கும்.

சேவூரில் பட்டுத்தறியிலேயே எழுபது வயதைக் கடந்துவிட்ட ஒரு பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கூலி உயர்வுக்காக ஒரு சமயம் தறிகளை நிறுத்தியதை அவர் நினைவுகூர்ந்தார். சேலையை நெய்து முடித்துக் கொடுத்தால்தான் கூலி. அரைச் சேலை தறியில் நிற்க, அவர் குழியை விட்டு எழுந்துவிட்டார்.

“நிறுத்தினது நியாயந்தான் தம்பி. நிறுத்தலைன்னா கூலி ஏறியிருக்காது. ஆனா, நிறுத்தச் சொன்னவங்க வீட்டுல அன்னிக்கும் அடுப்பு எரிஞ்சுது. எங்க வீட்டுல எரியலை. வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லியா?”

அவர் கேட்டது நஷ்ட ஈடு அல்ல. ‘உன்னால்தான் இது நடந்தது’ என்ற ஒரு வார்த்தையைத்தான்.

விலகாமல் போனவர்களையும் பார்க்க வேண்டும். 1981-இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூஸிலாந்துக்குப் போனது. அந்த நாடே இரண்டுபட்டது. ஹாமில்டன் நகரில் எதிர்ப்பாளர்கள் மைதானத்துக்குள் புகுந்ததால் ஆட்டமே கைவிடப்பட்டது. ரக்பியை உயிராக நினைக்கும் மக்களில் ஒரு பகுதியினர், தங்கள் சொந்த ஆசையை எதிர்த்துத் தாங்களே போலீஸ் தடியடிக்கு முன்னால் நின்றார்கள். அங்கே சொன்னவரும் இழந்தவரும் ஒருவரே. அடுத்த ஆண்டு இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் சிலர் பணத்துக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார்கள். இருபத்தைந்து ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது; பின்னால்தான் அது நீக்கப்பட்டது. அவர்களைக் குறை சொல்வது சுலபம். அத்தனை பணத்தை யாரேனும் நம் முன் நீட்டியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்பதையும் யோசித்துவிட்டுச் சொல்லலாம்.

இன்னொரு கேள்வியையும் தள்ளிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவோடு ஆடமாட்டோம் என்று நாம் சொன்ன அதே காலத்தில், தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை இருந்தது. அப்படியானால் நமக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை?

யோக்கியதை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தன் வீட்டைப் பெருக்கி முடித்தவன்தான் தெருக் குப்பையைப் பற்றிப் பேசலாம் என்றால், உலகில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. அநியாயத்தை எவன் கண்டித்தாலும் அது கண்டனந்தான். ஆனால் கண்டித்த பிறகு அவன் பழைய மனிதனாக இருக்க முடியாது. தான் சொன்ன வார்த்தைக்கு அவன் கடன்பட்டவன் ஆகிறான்.

கடன் என்பதுதான் சரியான சொல் என்று தோன்றுகிறது. 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி கல்கத்தாவுக்கு வந்தபோது ஆரவாரத்தோடு வரவேற்றோம். 1994-இல் மண்டேலா அதிபரானபோது மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் நமக்கும் சிறு பங்கு உண்டு. ஆனால் அதை நாம் நம் காசு கொடுத்து வாங்கவில்லை. இரண்டு மூன்று வாலிபர்களின் வாழ்நாள் கனவைக் கொடுத்து வாங்கினோம்.

பிறருடைய தியாகத்தைக் கேட்கவே கூடாதா? கேட்டுத்தான் ஆகவேண்டிய நேரங்கள் உண்டு. கேட்பவர், தானும் எதையாவது இழக்கத் தயாராக இருக்கட்டும். இழந்தவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லட்டும். எந்த நியாயத்தின் பேரால் கேட்டாரோ, அந்த நியாயத்தைத் தன் தெருவிலும் நடத்திக் காட்டட்டும். இந்த மூன்றும் இல்லாமல் பிறரிடம் தியாகம் கேட்பதற்குப் பெயர் தர்மம் அல்ல, அதிகாரம்.