மெக்கானிக்கை நம்புவதும் வேதத்தை நம்புவதும்

என்னுடைய 2008 மாடல் ஸ்கோடா லாராவின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினின் வலது ஓரத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதற்குள் ஓடுவது டைமிங் பெல்ட். கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் பல் பிசகாமல் சேர்த்துவைப்பது இந்த ரப்பர் பட்டைதான். லட்சம் கிலோமீட்டரை ஒட்டி இதை மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால், மேலே ஏறிவரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதும். எஞ்சின் அதோடு சரி. பெரும்பாலும் அறுவதற்கு முன் ஒரு சத்தமும் வராது, டேஷ்போர்டில் விளக்கும் எரியாது. பெல்ட் மாற்றியாயிற்று என்று மெக்கானிக் சொன்னால், அவர் சொல்தான் நமக்குக் கிடைக்கும் சான்று.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் இந்தியத் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவள். கார், என் கணவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் போனபின் நான் ஓட்டுகிறேன். குன்னூரிலிருக்கும் மகளைப் பார்க்கப் போவதும் வருவதும் இதில்தான். இந்த வண்டிக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைத் தேடிய காலத்தில், வகுப்பில் நான் நடத்திய பாடத்திலேயே ஒரு கேள்வி எனக்கு மறுபடி உயிர் பெற்றது. நம்மால் சரிபார்க்க முடியாத ஒன்றைப் பற்றி இன்னொருவர் சொல்வதை எந்த அடிப்படையில் ஏற்கிறோம்?

அறிவு பெறும் வழிகளாக, அதாவது அளவைகளாக, சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்று மூன்றைக் கொள்ளும். சார்வாகருக்குக் காண்டல் ஒன்றே போதும். மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் பௌத்தக் கணக்கில் அளவைகள் காண்டல், கருதல் என்ற இரண்டுதான். மற்றவையெல்லாம் கருத்தளவைக்குள் அடங்கிவிடும். அதாவது, ஒருவர் சொல்லை நாம் ஏற்பது அவரைப் பற்றிய நம் ஊகத்தால். சொல்லுக்கென்று தனி வலிமை கிடையாது. நியாய தரிசனம் இதை மறுத்து, நம்பத் தகுந்தவரான ஆப்தரின் சொல் தனி அளவையே என்றது.

முதலில் நானும் பௌத்தர் வழியில்தான் போனேன். கண்டதைக் கொண்டு காணாததைக் கருதுவது. இந்த வண்டிகளில் பல போல்ட்டுகளின் தலைக்குழியில் பன்னிரண்டு முனைகள் இருக்கும். பார்த்தால் ஆறுமுனை டார்க்ஸ் போலவே தோன்றும். சரியான பிட் வைத்திராதவர் டார்க்ஸ் பிட்டையே சுத்தியலால் அடித்து இறக்கிக் கழற்றப் பார்ப்பார், முனைகள் மழுங்கிப்போகும். அதனால் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் அங்கே பிரித்து நிற்கும் மற்ற வண்டிகளின் போல்ட் தலைகளைத்தான் முதலில் குனிந்து பார்ப்பேன். புகையைக் கண்டு நெருப்பை அறிவது இதுதான்.

இன்னொன்று ஆயில். இந்த 1.9 டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர்களை அழுத்துவதும் கேம் ஷாஃப்ட்தான். அதற்கு இடம் விட்டதில் வால்வுகளுக்கான கேம் மேடுகள் குறுகிவிட்டன. அந்தக் குறுகிய பரப்பில் அத்தனை சுமை. 505.01 என்ற தர எண் அச்சிட்ட ஆயிலை ஊற்றாவிட்டால் அந்த மேடுகள் தேய்ந்துபோகும். என்ன ஆயில் ஊற்றுவீர்கள் என்று ஓர் இடத்தில் கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் மேடம், சார் இல்லீங்களா? அவர்கிட்ட பேசிக்கறோம்” என்றார்கள். கணபதிப் பக்கம் ஒரு சிறு ஷெட்டில் இருந்தவர், நான் கேட்குமுன் கேனைத் திருப்பிப் பின்பக்கத்து எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். “இது இருக்குதான்னு நீங்களே பாத்து வாங்கியாந்தாலும் சரிங்கம்மா.”

ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டில் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தருக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார். பொருளை நேரே கண்டறிந்தவராக இருக்க வேண்டும். உயிர்களிடத்தில் இரக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் எவருக்கும் உடனே விளங்கும்: தெரிந்தவர், பொய் சொல்லாதவர். நடுவில் இரக்கம் எதற்கு? மாணவிகள் இதைக் கேட்பார்கள். பதிலை எனக்குக் கண்ணெதிரே காட்டியது அந்த ஷெட்தான்.

வண்டியோடு வந்த பழைய பில் ஒன்றில் டைமிங் பெல்ட் மாற்றியதாக எழுதியிருந்தது. அதைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி வேறு. “வண்டி யாருங்கம்மா ஓட்டறது? எங்கெங்க போவீங்க?” குன்னூர் என்றதும், திறந்து பார்த்துவிடலாம் என்றார். இந்த எஞ்சினில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்குவம் பம்ப்பைக் கேம் ஷாஃப்ட்தான் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்து கேம் ஷாஃப்ட் நின்றால், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகிவிடும். பர்லியாறு தாண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. “எறக்கத்துல போறவங்க பாத்துட்டுப் போறது நல்லதுங்க” என்றதோடு நிறுத்திக்கொண்டார். பயமுறுத்தியிருந்தால் அந்த இடத்திலேயே நான் எதற்கும் சரி என்றிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

மூடியைக் கழற்றியதும் கூப்பிட்டு அனுப்பினார். பெல்ட்டின் முதுகில் எழுத்து அழிந்திருந்தது. ஓரத்தில் நூல் பிரிந்து மயிராகத் தொங்கியது. அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பின் அடியில், கசிந்து காய்ந்த கூலன்ட் இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. அப்படியானால் பில் பொய்தானே என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். “வெளிய ஏசிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் ஒரு பெல்ட் ஓடுது பாருங்க, அத மாத்திட்டு இந்தப் பேர எழுதியிருப்பாங்களோ என்னமோ. அது எனக்குத் தெரியாதுங்கம்மா. இந்த பெல்ட் பழசு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

கண்டது எதுவோ அதை மட்டும், கண்ட அளவுக்கு மட்டும் சொல்லும் இந்தக் கட்டுப்பாட்டை நான் கருத்தரங்க மேடைகளில்கூட அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். முந்தைய ஆளைத் திருடன் என்று சொல்லித் தன் நேர்மையை உயர்த்திக்கொள்ள அவருக்கு அது நல்ல வாய்ப்பு. அவர் அதைத் தொடவில்லை.

புது பெல்ட் போடுவதையும் நின்று பார்த்தேன். பெல்ட்டை உருவ வழிவிட வேண்டும் என்பதற்காக எஞ்சினைக் கீழிருந்து ஜாக்கியில் தாங்கி, அந்தப் பக்கத்து மவுன்டையே கழற்றியிருந்தார். மவுன்டின் போல்ட்டுகள் முறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை. ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும். பழையதையே போட்டு மூடினாலும் வெளியிலிருந்து எவருக்கும் தெரியாது. புது போல்ட்டுகளை உறையோடு என் கண்முன் வைத்தார். பல் சேர்த்து, டென்ஷனரை இறுக்கியபின், இரண்டு தண்டுகளையும் அசையாமல் பிடித்திருந்த பூட்டு ஊசிகளை உருவினார். ஸ்டார்ட் செய்வார் என்று நினைத்தேன். ஸ்பேனரைப் போட்டு கிராங்க் ஷாஃப்ட்டைக் கையாலேயே மெல்ல இரண்டு முழுச் சுற்று சுற்றினார். அது அதிக நேரம் பிடித்தது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் வரும்போது கை தயங்கியது. இரண்டாம் சுற்று முடிந்ததும் பூட்டு ஊசிகளை அதே துளைகளில் மறுபடி நுழைத்துப் பார்த்தார். தடங்கலில்லாமல் நுழைந்தன. தான் செய்ததைத் தானே ஐயப்பட்டுச் சோதித்துக்கொண்டதற்குப் பிறகுதான் மூடியைக் கையிலெடுத்தார்.

பௌத்தர் இங்கே குறுக்கிடலாம். இதெல்லாம் ஊகத்துக்கான அடையாளங்களே. போல்ட் தலை, ஆயில் எண், இரண்டு சுற்று இவற்றைக் கண்டு ஆள் நல்லவர் என்று கருதுகிறாய். அவர் சொல்லை ஏற்பது அந்தக் கருதலின் பலன். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கட்டத்தில் அது நின்றுபோகிறது. சின்ன வேலைகளில் நேர்மையாக நடந்து, பெரிய வேலையில் ஏமாற்றுபவர் உண்டு. அவரைப் பொறுத்தவரை என் ஊகத்துக்குக் கிடைத்த அடையாளங்களெல்லாம் அவரே திட்டமிட்டுக் கொடுத்தவை.

இது வெறும் கற்பனை ஐயம் அல்ல. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட செய்தியை நினைத்துப் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் டீசல் கார்களில் ஒரு மென்பொருள் இருந்தது. ஸ்டியரிங் அசைகிறதா, எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பவற்றை வைத்து, தான் இப்போது சோதனைக் கூடத்தில் நிற்கிறோம் என்று அது கண்டுகொள்ளும். அந்நேரம் மட்டும் புகையைச் சுத்தமாக்கும். சாலைக்கு வந்ததும் விட்டுவிடும். உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டவை 3 லட்சத்துக்கும் மேல். (என் காரும் அந்தக் குழுமத்ததுதான், எஞ்சின் அதற்கு முந்தைய தலைமுறை.) கருவி வைத்து அளந்த காண்டலே தோற்றது. சோதிக்கப்படுகிறோம் என்பது சோதிக்கப்படும் பொருளுக்குத் தெரிந்துவிட்டது.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அமைச்சனை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கு வழியிலும் ஆள் விட்டு மறைமுகமாகச் சோதிக்க வேண்டும் என்று பரிமேலழகர் அங்கே விரிப்பார். அந்த ஏற்பாடு முழுவதும் ஆளுக்குத் தெரியாது என்பதை நம்பியே நிற்கிறது. தெரிந்தவுடன் அதன் பயன் முடிந்தது.

இந்த இடத்தில்தான் வாத்ஸ்யாயனரின் நடு அடையாளம் எனக்குப் பொருளாகிறது. இதுவரை ஏமாற்றவில்லை என்பதை என் ஊகம் சொல்லும். ஏமாற்றினால் லாபம், யாருக்கும் தெரியவும் போவதில்லை என்ற நிலை வந்தால் அந்த ஆள் என்ன செய்வார் என்பதற்கு அது காரணம் காட்டாது. காரணம் இருக்குமானால் அது இரக்கம் ஒன்றுதான். இறக்கத்தில் கல்லாகும் பிரேக்கை மிதிக்கப் போகும் காலை அவர் தன் மனத்தில் பார்க்கிறார். அதனால் புது போல்ட் போடுகிறார். அந்தக் கால் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அறிவுக்கு அளவை வகுக்க உட்கார்ந்த ஒரு தர்க்க நூலுக்குள் உயிர்களிடத்து இரக்கம் ஒரு நிபந்தனையாக ஏறியது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

அதே உரையில் இன்னும் துணிச்சலான ஒன்று இருக்கிறது. வேதம் ஏன் நம்பத் தகுந்தது என்ற கேள்விக்கு, மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் போல என்று சூத்திரம் பதில் சொல்கிறது. மருந்து தின்றவருக்கு நோய் தீர்வதைக் கண்ணால் காண்கிறோம். அதைச் சொன்ன ஆப்தர்களே காண முடியாததையும் சொன்னார்கள், அதனால் அதையும் ஏற்கலாம். வேதத்துக்காக வைத்தியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய மரபு இது. மறுமையைப் பற்றிப் பேசுகிறவரை இம்மையில் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய அனுமதி வேண்டியதில்லை. முத்தியைப் பற்றி ஒரு குரு சொல்வதை என்னால் மூடி திறந்து பார்க்க முடியாது. அவருடைய அறக்கட்டளையின் கணக்கைப் பார்க்க முடியும். அவர் வீட்டு வாசலைக் கூட்டுகிற பெண்ணுக்குக் கூலி ஒழுங்காகப் போகிறதா என்று கேட்க முடியும். கேட்கவே கூடாது, கேட்பது பாவம் என்று சொல்கிறவர், அந்தச் சொல்லாலேயே ஆப்தர் வரிசையிலிருந்து தானாக விலகுகிறார். பக்தியில் குறையுள்ளவளாக இதை நான் சொல்லவில்லை. அன்றாடம் திருமுறை ஓதுகிறவள், ஓதுவதாலேயே சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கிய ஒருவர் போன வாரம் மெக்கானிக்கைப் பற்றி விசாரித்தார். விவரமெல்லாம் சொன்னேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நம்மாளுங்களா?” என்றார். எங்கள் ஊரில் டாக்டர், வக்கீல், கொத்தனார் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆப்தரின் இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று வாத்ஸ்யாயனர் அன்றே எழுதி வைத்துவிட்டார் என்றேன். அவர் முகத்தில் குழப்பம். ஷெட்டுக்கு வழியைச் சொல்லி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை அந்த மெக்கானிக் செய்யமாட்டார், தனக்கு அது தெரியாது என்று அவரே சொல்லி வேறிடம் அனுப்புவார், ஆயில் கேனின் பின்பக்கத்து எண்ணைப் பார்த்து வாங்குங்கள், மூடி போடுமுன் கூப்பிடுவார், எந்த வேலையிருந்தாலும் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன். அவருடைய சாதி எனக்குத் தெரியாது.