புளிப்பு யார் செயல்?

ஓட்ஸையும் வெட்ச் என்ற பயறினக் கொடியையும் கலந்து அறுத்து, பொடியாக நறுக்கி, குழியில் நெருக்கி மிதித்துக் காற்றுப் புகாமல் மூடினால் சில வாரங்களில் ஊறுகாய்ப்புல் என்ற கால்நடைத் தீவனம் தயார். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பயிரிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கின்றன. புளிப்பு ஏறியதும் அழுகல் நின்றுவிடும். பயறினத்தில்தான் சிக்கல். புரதம் மிகுதி, சர்க்கரை குறைவு. போதாததற்கு, ஊறும் அமிலத்தின் வேகத்தையும் அதுவே மட்டுப்படுத்திவிடும். புளிப்பு ஏறத் தாமதமானால் கிளாஸ்டிரிடியம் என்ற அழுகல் பாக்டீரியா முந்திக்கொள்ளும். அப்படிக் கெட்ட குழியைத் திறந்தால் கையில் வருவது கறுத்துப் பிசுபிசுத்த தழை. மூக்கில் ஏறுவது காறல் எடுத்த வெண்ணெய் வாடை.

ஃபின்லாந்து வேதியியலாளர் ஆர்த்தூரி இல்மாரி விர்த்தனென் 1920களின் இறுதியில் பாக்டீரியாவுக்காகக் காத்திருப்பதை விட்டார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்துத் தழைமேல் ஊற்றி, பி.எச். அளவை ஒரேயடியாக 4க்குக் கீழே இறக்கினார். புரதம் தப்பியது. 1945இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் வந்தது. பிற்காலத்தில் அந்த இடத்தை ஃபார்மிக் அமிலம் பிடித்தது. எறும்பின் உடலில் ஊறுவதும் அதே அமிலம்தான்.

குழிக்குள் ஊறினால் இயற்கை, கேனிலிருந்து ஊற்றினால் செயற்கையா?

ஜான் ஸ்டுவர்ட் மில் இந்தக் கோட்டை ஏற்கமாட்டார். அவர் இறந்த மறு ஆண்டான 1874இல் வெளியான, மதம் பற்றிய மூன்று கட்டுரைகளில் ஒன்று இயற்கையைப் பற்றியது. மனிதன் செய்வதெல்லாம் பொருள்களை இடம் மாற்றுவதுதான், மற்றதைப் பொருளின் குணமே பார்த்துக்கொள்கிறது என்பது அதில் அவர் வாதம். அப்படிப் பார்த்தால் மிதிப்பதும் மூடுவதும் அமிலம் ஊற்றுவதும் ஒரே கணக்கு.

ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு இயற்கை வேளாண் விதி கோடு கிழித்தது. நொதிகளையும் பாக்டீரியாக்களையும் சேர்க்கலாம். லாக்டிக், ஃபார்மிக், புரொப்பியானிக் போன்ற அமிலங்களை வானிலை காரணமாகப் புளிப்பு சரியாக ஏறாதபோது மட்டுமே சேர்க்கலாம் என்றது. வேதியியலாக எடுத்துக்கொண்டால் இதில் நியாயம் குறைவு. லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும் கிருமிக்குத் தடையில்லை, அந்த அமிலத்துக்கே நிபந்தனை!

தர்ம சாஸ்திரமாக எடுத்துக்கொண்டால் விளங்குகிறது. இது ஆபத்தர்மம், அதாவது ஆபத்துக் காலத்துக்கு மட்டும் விலக்குத் தரும் நெறி. பஞ்சத்தில் நாய் இறைச்சியைத் திருடத் துணிந்த விசுவாமித்திரரின் கதையை மகாபாரதத்தின் சாந்தி பர்வம் சொல்கிறது. அங்கே விவாதம் இறைச்சியின் குணத்தோடு நிற்பதில்லை. வேறு வழி இருந்ததா என்பதே முக்கியம். ஐரோப்பிய விதி கேட்டதும் அதைத்தான்.

ஒன்றை மட்டும் அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை. வெட்ச்சில் குறையும் சர்க்கரையை ஈடுகட்ட ஓட்ஸைச் சேர்த்து விதைத்தவர், அறுவடைக்குப் பல வாரங்கள் முன்பே ஒரு சேர்க்கையைச் செய்துவிட்டார். அறுத்த தழையை வெயிலில் வாடவிட்டு ஈரத்தைக் குறைப்பவரும் புளிப்புக்கு வழி செய்கிறார். இரண்டுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.